உத்தரமேரூரின் இரண்டு கல்வெட்டுகள்

அன்பு நண்பா,

நலம்தானே? அதிகாரம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று கேட்டிருந்தாய். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்தரமேரூரின் சோழர்காலக் கல்வெட்டுகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், ஊர் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க 919-இல் ஒரு விதி, 921-இல் திருத்திய விதி. இரண்டையும் செய்தது அவ்வூரின் சபை. ஆனால் அரசன் ஆணைப்படி, இரண்டு முறையும் அவனுடைய அதிகாரி உடனிருக்கச் செய்தது. இரண்டே வருடத்தில் ஏன் திருத்தினார்கள்? தீயவர் ஒழிந்து நல்லவர் தழைக்க என்று கல்வெட்டே சொல்கிறது. முதல் விதியில் ஏதோ ஓட்டை இருந்திருக்கிறது. வயது வரம்பைக்கூட 30–60 என்பதிலிருந்து 35–70 ஆக மாற்றினார்கள்.

உலகின் முதல் ஜனநாயகம் என்று மேடைதோறும் முழங்குவது எனக்கு உவப்பில்லை. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களின் ஊர். வாரியத்துக்கு வரக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, இவ்வளவும் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரை நூல்) கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும். நிலமில்லாத யார் பெயருக்கும் தேர்தல் குடத்தில் ஓலை கிடையாது. இதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது.

ஆனால் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலை முறையின் நுணுக்கம் அசாத்தியமானது. ஊரில் 30 குடும்புகள், அதாவது பகுதிகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பின் பெயருள்ள வாயோலையோடு கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். விவரம் அறியாத சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுப்பான். நடுவரான மத்யஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? அவன் வாசித்ததை நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள், அவன் பெயரை மாற்றிச் சொல்லிவிடாதபடி. ஒவ்வொரு படியும் ஒரு மோசடிக்குப் போட்ட பூட்டு.

இப்படிக் குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரில், முன்பு வாரியம் செய்த மூத்தோர் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். மற்றவர்களில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். குற்றம் கண்டால் அன்றே நீக்கம். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது கணக்கு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், தாய்மாமன், சகோதரி கணவர், சகோதரி மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் வரை தடை. உறவை இப்படி வரிசையாகக் கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்தால், கணக்கை மறைத்தவர் தம் ஆளை உள்ளே அனுப்பிப் பதவியைக் கைக்குள் வைத்திருப்பார் என்று அஞ்சினார்கள் எனத் தெரிகிறது. நிலமும் கல்வியும் அரசாணையும் ஒருவருக்குத் தகுதி தந்தாலும், கணக்கு ஒன்று அதைப் பறித்துவிடும்.

வேளாளர் ஊர்களில் ஊரார், வணிகர் ஊர்களில் நகரத்தார் என்று வேறு அவைகளும் இருந்தன. அவற்றுக்கு இத்தனை விரிவான தேர்தல் விதி கல்லில் கிடைக்கவில்லை. அதனால் உத்தரமேரூரை வைத்துச் சோழநாடு முழுவதையும் அளக்க வேண்டாம். அவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்