திரும்பிப் போகும் படகு

அன்பு நண்பனுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியானது. சொட்டு மருந்தை நாள் தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மகள் படிப்பை முடித்துவிட்டுத் தீவுக்கே திரும்பிவிட்டாள். குப்பைக் கொட்டகைக் கணக்கை இப்போது அவள்தான் எழுதுகிறாள்.

உங்கள் தீவிலும் குப்பையைப் பிரிக்கத் தொடங்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். எத்தனை தொட்டி வைக்கலாம் என்று கேட்டாய். தொட்டிக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஈரத்தைப் பிரியுங்கள்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. எடுத்த எடுப்பிலேயே வீட்டுக்கு வீடு ஐந்து வகை சொன்னோம்: காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக், மற்றவை. சமையலறைக் கழிவு "மற்றவை"க்குள் போக வேண்டும் என்று நினைத்தோம். அது எல்லாவற்றுக்குள்ளும் போனது. முதல் சுமை சேர்ந்து மூட்டைகளை அவிழ்த்தபோது அட்டைகள் ஊறிக் கூழாகியிருந்தன. பாட்டில்களுக்குள் புழு. கரையில் பழைய பொருள் வாங்குபவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அத்தனை வீட்டார் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்ததை மறுபடி ஒரே குழியில் கொட்டிய அந்த நாளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டோம். ஈரமானது தனி, காய்ந்தது தனி. ஆறு மாதம் வேறு எதையும் கேட்கவில்லை. ஈரக் கழிவு வீட்டுக் குழியிலேயே சருகோடு சேர்ந்து மட்கிவிடுகிறது. நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு கை சருகு போட்டுக் கிளறினால் சரியாகிவிடும். கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு மூன்று பங்கு, அவ்வளவுதான் கணக்கு. ஈரம் போய்விட்டால் மிச்சக் குப்பை அழுகாது. அழுகாதது படகுக்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். வாரா வாரம் லாரி வராத இடத்தில் இதைவிட முக்கியமானது வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானில் சிகொகு தீவின் மலைக்குள் கமிகட்சு என்று ஒரு சிற்றூர். 2003இல் 'குப்பையே இல்லாத ஊர்' ஆவோம் என்று அறிவித்தார்கள். 45 வகை வரை பிரித்திருக்கிறார்கள், சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. எல்லோரும் அந்த 45ஐத்தான் வியந்து பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அங்கே உணவுக் கழிவை எடுக்க யாரும் வருவதே இல்லை, வீட்டிலேயே உரமாக்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் மற்றதைக் கழுவிக் காயவைத்து ஊர்க் குப்பை நிலையத்துக்குத் தாங்களே கொண்டு வர முடிகிறது. 45 வகையும் ஒரே நாளில் வந்ததல்ல. அதற்கு முன் 34 வகையாக இருந்தது.

காய்ந்த குப்பையை எங்கள் வீடுகள் மேலும் பிரிப்பதில்லை. கொட்டகையில் இரண்டு பேர் பிரிக்கிறார்கள். பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்குமே, அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லாமே மறுசுழற்சி ஆகும் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். எங்களுக்கு 1, 2 எண்களுக்குத்தான் வாங்க ஆள் இருக்கிறது. இதை வீடு வீடாகப் போய் உள்ளபடியே சொன்னோம். அதற்குப் பிறகு சிலர் மற்ற வகைகளை வாங்குவதையே குறைத்துக்கொண்டார்கள்.

அலுமினிய டப்பாவை மட்டும் ஒன்றுகூட விடாதே. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதை விட, பழையதை உருக்க சுமார் 95 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும். எடையும் குறைவு, நசுக்கினால் இடமும் அடைக்காது. கண்ணாடி நேர்மாறு: பாரம் அதிகம், விலை குறைவு. அதைப் படகில் ஏற்றாதீர்கள். பொடித்து மணலோடு கலந்து பாதை போடப் பயன்படுத்துகிறோம்.

பேட்டரிகளைத் தனியாக வையுங்கள், இதில் தாமதம் வேண்டாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். கார் பேட்டரியில் ஈயமும் அமிலமும். நம்மைப் போன்ற மணல் தீவுகளில் நன்னீர், உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. குழியில் வடிவது அதில்தான் போய்ச் சேரும், கெட்டுப்போனால் நமக்கு வேறு கிணறு இல்லை. குப்பையை எரிக்காதீர்கள் என்று நான் சண்டை போடுவதும் இதே கவலையில்தான். குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். சாம்பலையும் எங்கே கொட்டுவது?

படகு விஷயத்துக்கு வருகிறேன். தீவுக்குப் படகு நிறைந்து வருகிறது, வெறுமையாகத் திரும்புகிறது. பசிபிக் தீவுகளில் 2018இல் ஒரு கப்பல் நிறுவனமும் தீவு நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்தன. வெறுமையாகத் திரும்பும் சரக்குப் பெட்டிகளில் மறுசுழற்சிக் கழிவைக் கட்டணமின்றி ஏற்றிப் போவதுதான் ஒப்பந்தம். 'மோவானா தாகா' என்று பெயர். இதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் படகுக்காரரிடம் போய்க் கேட்டேன். நாற்றம் இல்லை, கசிவு இல்லை, இறுக்கிக் கட்டியிருக்கிறது என்றால் ஏற்றுகிறேன் என்றார். ஈரத்தைப் பிரிக்காமல் இருந்திருந்தால் அவரிடம் போய் நிற்கவே முடிந்திருக்காது.

கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாட்டில் டப்பாவுக்கும் பாட்டிலுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும்போது காசு கொடுக்கிறார்கள். கரையோரம் கிடப்பதைக்கூடப் பொறுக்கிக் கொண்டு வர அது ஒரு காரணமாகிவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் இதை இரண்டு முறை எடுத்தேன், இன்னும் முடிவாகவில்லை. விடப்போவதில்லை.

கண் தேறியதும் எழுது. உங்கள் தீவுக்கு வரும் படகு திரும்பும்போது எதை ஏற்றிப் போகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மட்டும் விசாரித்து வை. அதைத் தெரிந்துகொண்டு தொட்டிக் கணக்கைப் போடலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்