கடைசி வாரத்தில் புதுப் புத்தகம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் கடைசி வாரத்திலும் புதுப் புத்தகம் வாங்கிப் பிரிக்கிறார்கள், பார்த்தால் மனசு பதறுகிறது. கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வி, 60 நிமிடம், ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம்தான். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதுங்கள், அதைவிட முக்கியம், எழுதி முடித்ததும் எங்கே தப்பு விட்டோம் என்று உட்கார்ந்து பாருங்கள், பலர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தேர்வுக்குப் போய்விடுகிறார்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அப்புறம், ரேஷன் கார்டை அடையாள அட்டையாக ஏற்க மாட்டார்கள், ஆதார் போன்ற புகைப்பட அடையாள அட்டையின் அசலும் நகலும் வேண்டும். சேலத்தில் மையம் கிடைத்தவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலும் சாலை முடங்கிவிடும்.

ஒரு வாசகர், காரிமங்கலம்