சாண்டா கிளாரா கவுண்டியில் உள்ளூர் முன்மொழிவுகளைத் தமிழில் விளக்கும் கூட்டம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழ் பேசும் வாக்காளர்கள்,
சன்னிவேல், கலிபோர்னியா.

பெறுநர்:
வாக்காளர் பதிவாளர் அவர்கள்,
சாண்டா கிளாரா கவுண்டி, கலிபோர்னியா.

பொருள்: 2026 நவம்பர் 3 தேர்தலில் இடம்பெறவிருக்கும் உள்ளூர் முன்மொழிவுகளை (வரி, கடன் போன்றவற்றில் வாக்காளர்களே நேரடியாக ஆம், இல்லை என்று முடிவு சொல்லும் கேள்விகளை), வாக்குச்சீட்டுகள் வீடு வந்து சேருமுன், தமிழில் விளக்கும் குடியிருப்போர் கூட்டம் ஒன்றை நடத்தித் தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். சன்னிவேலில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும் நாங்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கக் குடிமக்கள். எங்களில் பலர் பிள்ளைகள் அழைத்து வந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்தபடியே இந்த ஊரில் வேரூன்றி, வயதான பிறகு குடியுரிமை பெற்றவர்கள். 55 வயதைக் கடந்து, 15 ஆண்டுகள் நிரந்தரவாசியாக இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு அளித்து, குடிமையியல் கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே விடையளிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழியில் உறுதிமொழி எடுத்துக்கொண்டவர்களும் எங்களிடையே உண்டு. வாக்களிப்பதை அவர்கள் மிகுந்த பொறுப்போடு செய்கிறார்கள் என்பதைத் தங்களிடம் முதலில் தெரிவித்துக்கொள்கிறோம்.

மாநிலத் தேர்தல் சட்டத்தின் 14201ஆம் பிரிவின்கீழ் நம் கவுண்டியில் தமிழிலும் நகல் வாக்குச்சீட்டு கிடைக்கிறது. இதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஆயினும் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். அதில் வாக்களிக்க முடியாது. வாக்குச்சீட்டில் உள்ளது மட்டுமே நகலிலும் இருக்கும். ஒரு முன்மொழிவுக்கு அதில் கிடைக்கும் இடம் 75 சொற்கள். வரியின் அளவு, எத்தனை ஆண்டுகள் என்ற கால அளவு, ஆண்டுதோறும் திரளும் தொகை ஆகிய யாவும் அந்த 75 சொற்களுக்குள் அடங்கியாக வேண்டும். ஆங்கிலம் அறிந்தவருக்கோ வாக்காளர் தகவல் கையேடு இருக்கிறது: அரசு வழக்கறிஞர் 500 சொற்களுக்குள் எழுதும் நடுநிலை ஆய்வுரை, ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தலா 300 சொற்களில் முன்வைக்கும் வாதங்கள், தலா 250 சொற்களில் எழுதும் மறுப்புரைகள். கணக்கிட்டால் ஒரே முன்மொழிவுக்கு 1,600 சொற்கள் வரை அவர் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் 75 சொற்களை வைத்துக்கொண்டு அதே முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. 14201ஆம் பிரிவு நகல் வாக்குச்சீட்டோடு நின்றுவிடுவதால் இந்த இடைவெளி சட்டத்திலேயே உள்ளது. தங்கள் அலுவலகத்தின் மீது இதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

2025 நவம்பர் 4 அன்று நடந்த தேர்தலில் 'மெஷர் ஏ' என்ற முன்மொழிவு, கவுண்டி முழுவதும் விற்பனை வரியை ஒரு டாலருக்கு ஒரு சென்ட்டில் எட்டில் ஐந்து பங்கு என ஐந்து ஆண்டுகளுக்கு உயர்த்த அனுமதி கேட்டது. எல்லோருக்காகவும் இம்மனுவை எழுதுவது நான். என் மாமியார், தமக்கு வந்த வாக்குச்சீட்டை இரண்டு நாள் சுவாமி அலமாரியில் வைத்திருந்துவிட்டுப் பிறகு என்னிடம் கொண்டுவந்தார். அவர் கேட்டவை மூன்று கேள்விகள். எட்டில் ஐந்து பங்கு சென்ட் என்றால் கையிலிருந்து எவ்வளவு போகும்? அரிசி, பருப்பு, பால் விலையும் ஏறுமா? முன்பு ஒரு முறை வந்த 'ஏ' இதுதானா? நூறு டாலர் பொருளுக்கு அறுபத்திரண்டரை சென்ட் கூடும் என்பதையும், வீட்டில் சமைத்துண்ணும் உணவுப் பொருள்களுக்குக் கலிபோர்னியாவில் பொதுவாக விற்பனை வரி இல்லை என்பதையும், 2016இல் வந்த 'ஏ' என்பது வீட்டுவசதிக்காக 95 கோடி டாலர் கடன் திரட்டக் கேட்ட முற்றிலும் வேறான முன்மொழிவு என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அதன் பிறகுதான், "அப்படியானால் நானே யோசித்துப் போடுகிறேன்" என்று அவர் சீட்டை வாங்கிக்கொண்டார். அந்த மூன்றில் எதற்கும் 75 சொற்களில் விடை கிடைத்திருக்காது.

பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றலாம். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கிறது, எங்களுக்கு அதில்தான் கவலை. சாப்பாட்டு மேசையில் மகனோ மருமகளோ விளக்கும்போது அவர்களுடைய கருத்தும் அறியாமலே அதில் கலந்துவிடுகிறது. சொல் ஒன்று தவறிப்போனாலும் பொருள் மாறிவிடுகிறது. பாண்டு என்பதை நாங்கள் தமிழில் 'பத்திரம்' என்று சொல்லப்போய், பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டுப் பத்திரத்தை அரசு அடமானமாகக் கேட்கிறது என்றே எண்ணிக் கலங்கிவிட்டார். அரசு வாங்கும் கடன் அது, அதைச் சொத்து வரியின் மூலம் திருப்பிச் செலுத்துகிறார்கள் என்று புரியவைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அதிலும், ஒரு லட்சம் டாலர் வீட்டு மதிப்புக்கு இவ்வளவு வரி என்று குறிப்பிடப்படும் அந்த மதிப்பு இன்றைய சந்தை விலை ஆகாது. 1978ஆம் ஆண்டின் முன்மொழிவு 13இன்படி அது வீடு வாங்கிய விலையிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராமல் வருவது. ஆகவே ஒரே தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவரும் சென்ற ஆண்டு வாங்கியவரும் ஒரே கடனுக்குச் செலுத்தும் தொகை பெரிதும் வேறுபடும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக்காட்டி ஒருவர் விளக்கினால்தான் விளங்கும்.

வெற்றிக்குத் தேவையான வாக்கு விகிதமும் அப்படித்தான். கவுண்டியோ நகரமோ பொதுச் செலவுக்காக விதிக்கும் வரிக்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். பள்ளிக் கட்டடங்களுக்கான கடனுக்கு, 2000ஆம் ஆண்டின் முன்மொழிவு 39 வகுத்த நிபந்தனைகளின்படி, 55 விழுக்காடு. நகரமும் கவுண்டியும் வாங்கும் பிற கடன்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இந்த மூன்றில் இரண்டு பங்கை, வீட்டுவசதிக்கும் பொது உள்கட்டமைப்புக்கும் மட்டும் 55 விழுக்காடாகக் குறைக்கக் கோரிய மாநில முன்மொழிவு 5, 2024 நவம்பரில் தோற்றது. நூற்றுக்கு அறுபது பேர் ஆதரித்தும் ஒன்று தோற்க, ஐம்பத்தொரு பேர் ஆதரித்த மற்றொன்று வெல்வதைக் காணும் மூத்தவர்கள், எண்ணிக்கையில் ஏதோ பிழை என்று நினைக்கிறார்கள். தேர்தலின் மீதான நம்பிக்கை இத்தகைய சிறு புரியாமைகளால் குறைவது எங்களுக்கு வருத்தமளிக்கிறது.

எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். பொதுப் பணத்தைக் கொண்டு ஒரு பக்கத்துக்குப் பிரசாரம் செய்யக் கூடாது, ஆனால் நடுநிலையான தகவலை மக்களுக்குத் தரலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் ஸ்டான்சன் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. நாங்கள் கேட்பது அந்த எல்லைக்குள் முழுமையாக அடங்குகிறது. நடுநிலை ஆய்வுரையைத் தமிழில் வாசித்துக் காட்டி, இரு தரப்பு வாதங்களையும் சம நேரத்தில் எடுத்துரைத்து, கேள்விகளுக்கு விடையளித்தால் போதும். முன்மொழிவுகளின் சாதக பாதகங்களை நடுநிலையாக விளக்கும் கூட்டங்களை லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பு நெடுங்காலமாக நடத்தி வருகிறது. அவர்களுடைய உதவியையும் தாங்கள் நாடலாம். எல்லோருக்கும் வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பி, பொது வாக்கு மையங்களையும் அமைக்கும் வாக்காளர் விருப்பச் சட்டத்தைப் பின்பற்றும் நம் கவுண்டியில் பயிலரங்குகள் ஏற்கெனவே உண்டென்றாலும், அவை பெரும்பாலும் எப்படி வாக்களிப்பது என்பதைப் பற்றியவை. எதற்கு வாக்களிக்கிறோம் என்பதையும் அறிய விரும்புகிறோம்.

காலம் குறித்து ஒரு வேண்டுகோள். நவம்பர் தேர்தலில் முன்மொழிவுகளைச் சேர்க்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 7. வாக்குச்சீட்டுகள் அக்டோபர் 5க்குள் அஞ்சலில் அனுப்பப்பட வேண்டும். அவை கைக்கு வந்ததும் நிரப்பி அனுப்பிவிடும் வழக்கம் மூத்தவர்களிடம் இருப்பதாலும், அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நவராத்திரி தொடங்கிவிடுவதாலும், செப்டம்பர் கடைசி இரு வாரங்களில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் நடந்தால் பெரும்பாலோர் வர இயலும். சன்னிவேல் பொது நூலகத்தைப் போல, கார் ஓட்டாதவர்களும் பேருந்தில் வந்து சேரக்கூடிய இடமாக அது இருப்பது நல்லது. நேரில் வர முடியாதவர்களுக்காகக் கூட்டத்தின் ஒலிப்பதிவும், நடுநிலை ஆய்வுரையின் தமிழாக்கமும் பின்னர் கிடைக்கச் செய்தால் பெரும் உதவியாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளரைத் தங்கள் அலுவலகமே அமர்த்த வேண்டுகிறோம். எங்களில் ஒருவர் மொழிபெயர்த்தால் சார்பு உண்டோ என்ற ஐயம் எழலாம். நாற்காலி போடுவது, அண்டை வீட்டாருக்குத் தகவல் சொல்வது, முதியவர்களை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது ஆகியவற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தங்கள் மொழி அணுகல் ஆலோசனைக் குழு அடுத்து கூடும்போது இம்மனுவை அதன் முன் வைத்து, கூட்டத்துக்கான நாளையும் இடத்தையும் ஆகஸ்ட் மாத இறுதிக்குள் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சன்னிவேல் தமிழ் வாக்காளர்கள்

இணைப்பு: கூட்டத்துக்கு வர விருப்பம் தெரிவித்தவர்களின் கையொப்பங்கள்.