கவுண்டி கோர்ட்டில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இருபது வருடமாக டெக்சஸில், டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். உங்கள் நாளிதழை இணையத்தில் தினமும் படிக்கிறேன். அமெரிக்காவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்காக விசா, கல்விக் கட்டணம், வேலை என்று நிறைய எழுதுகிறீர்கள். ஆனால் இங்குள்ள கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் தன் பெயரில் பிடிவாரண்ட் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் அக்கா மகன் இங்கே எம்.எஸ். படிக்க வந்தான். வேகமாகக் காரோட்டிப் போலீஸிடம் ஒரு டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, வாங்கினான். எந்தத் தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாளிலேயே இருந்தது, பரீட்சை நேரத்தில் மறந்துவிட்டான். அப்புறம் வீடு மாறினான், புது முகவரியைக் கோர்ட்டுக்குச் சொல்லவில்லை, நினைவூட்டல் கடிதம் பழைய அபார்ட்மெண்டுக்குப் போய்விட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பயந்துபோய்க் கோர்ட்டின் இணையதளத்தில் தன் பெயரைத் தேடினான். ஒன்றும் வரவில்லை. "சித்தி, என் பேர்ல எதுவுமே இல்ல" என்று நிம்மதியாகச் சொன்னான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அவன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அமெரிக்க விசாவில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டார்கள். நம் சொந்தப் பெயரைக் கொண்டுபோய் சர்நேமில் போட்டுவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடிப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. லைசென்ஸிலும் அப்படியே ஏறிவிடுவதுண்டு, லைசென்ஸைப் பார்த்துத்தான் போலீஸ்காரர் டிக்கெட் எழுதுகிறார். அவன் பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயரில் எஃப்.என்.யூ. என்று அடித்தேன். வழக்கு வந்து நின்றது. வாரண்ட் போட்ட தேதியும் கீழே இருந்தது.

அதனால் ஒரு தடவை தேடி, இல்லை என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். செந்தில்குமார் என்பதைச் சேர்த்து ஒரு தடவை, செந்தில் தனி குமார் தனி என்று ஒரு தடவை, அப்பா பெயரை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, வெறும் இனிஷியலோடு என்று எல்லா வகையிலும் தேட வேண்டும். இங்கே பல கவுண்டிகளின் தேடல் தளங்கள் பிளேனோவைத் தலைமையிடமாகக் கொண்ட டைலர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்தவை. அவற்றில் பெரும்பாலும் கடைசிப் பெயர், கமா, முதற்பெயர் என்ற வரிசையில் அடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் இருந்தால் முதல் சில எழுத்துகளை அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட்டால் மற்றதை அதுவே தேடும். டிக்கெட் கையில் இருந்தால் பெயரே வேண்டாம், அதில் உள்ள எண்ணே போதும்.

அடுத்தது, எங்கே தேடுவது. டெக்சஸில் மட்டும் 254 கவுண்டிகள், ஒன்றின் பதிவு இன்னொன்றின் தளத்தில் வராது. ஃபிரிஸ்கோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாதி காலின் கவுண்டி, பாதி டென்டன் கவுண்டி. டாலஸ் நகரமோ ஐந்து கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. போதாததற்கு, நகரப் போலீஸ் எழுதிய டிக்கெட் நகரக் கோர்ட்டுக்குப் போகும், ஷெரிஃப் (கவுண்டிப் போலீஸ் தலைவர்) ஆட்களோ மாநில நெடுஞ்சாலைப் போலீஸோ எழுதியது ஜே.பி. கோர்ட்டுக்கு, அதாவது சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டுக்குப் போகும், சிறைத் தண்டனை வரக்கூடிய குற்றங்கள் கவுண்டி கோர்ட்டுக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கும் போகும். கவுண்டி தளத்தில் தேடிவிட்டு நகரக் கோர்ட்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மத்திய அரசு வழக்குகள் இதில் எதிலுமே வராது, அதற்குப் பேசர் என்று தனித் தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் அதையும் கேட்கமாட்டார்கள்.

வழக்கு கிடைத்ததும் முதல் வரியைப் பார்த்துப் பதறக் கூடாது. வழக்கில் நடந்ததெல்லாம் தேதிவாரியாக இருக்கும், கடைசியாக நடந்தது என்ன என்று பாருங்கள். வாரண்ட் பிறப்பிக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும், இரண்டு வரி தள்ளி அது திரும்பப் பெறப்பட்டது என்றும் இருக்கலாம். டெக்சஸில் கேபியாஸ் என்ற சொல்லையும் பார்ப்பீர்கள், அதுவும் ஆளைப் பிடித்துவரச் சொல்லும் உத்தரவுதான்.

வாரண்ட் என்றதும் நம் ஊரில் கொலை, மோசடி என்றுதான் மனசு போகும். இங்கே நிலைமை வேறு. மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நகரத்தில் 21,000 பேர்தான் இருந்தார்கள், 16,000 பேர் மேல் வாரண்ட் நிலுவையில் இருந்தது என்று 2016-இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் ஒரு வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். கட்டாத அபராதம், போகாத வாய்தா, இப்படிச் சின்ன விஷயங்களுக்குத்தான் பெரும்பாலான வாரண்டுகள். ஆனால் மாணவ விசாவில் இருப்பவருக்குச் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது. 2025 வசந்த காலத்தில் குடியேற்றத் துறை சுமார் 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை எஃப்.பி.ஐ.யின் குற்றப் பதிவுத் தொகுப்போடு ஒப்பிட்டது, 6,400 பெயர்கள் ஒத்துப்போயின. தள்ளுபடியான வழக்கு, சாதாரணப் போக்குவரத்து வழக்கு இருந்த பிள்ளைகளின் மாணவர் பதிவுகூட ரத்தானது. கோர்ட்டுக்குப் போய்ப் போராடிய பிறகுதான் திரும்பக் கொடுத்தார்கள். அந்த எஃப்.பி.ஐ. தொகுப்பை நாம் பார்க்க முடியாது. கவுண்டி கோர்ட்டின் பதிவைப் பார்க்கலாம், அதையாவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

வாரண்ட் இருந்தால் ஒளியாதீர்கள். வெறும் அபராதத்தோடு முடியும் சிறு வழக்குகளில், பிடிபடும் முன் தானாக வந்து ஆஜராகி, அதைத் தீர்த்துக்கொள்ள உண்மையாக முயல்பவர் மேல் உள்ள வாரண்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2017-இல் டெக்சஸ் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். என் அக்கா மகனுக்கு வக்கீல் போய்ப் பேசி ஒரே வாரத்தில் வாரண்ட் நீங்கியது, லைசென்ஸ் தடை நீங்கத்தான் இன்னும் சில வாரம் ஆனது. வழக்கு அதைவிடப் பெரியது என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள், நீங்கள் என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் கிரிமினல் வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை பெயரைக் கூகுளில் போட்டு, பணம் கட்டிப் பார்க்கும் ஏதோ ஒரு தனியார் தளத்தில் சிவப்பு எழுத்தில் வாரண்ட் என்று வந்ததும் சம்பந்தத்தை முறித்துக்கொண்ட குடும்பம் எனக்குத் தெரியும். அது வேறு ஒருவருடைய பதிவு, பிறந்த வருடமே வேறு. கோர்ட் ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்று 1978-லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது, தனியார் தளத்துக்குப் பணம் கட்ட வேண்டிய தேவையே இல்லை. பெரும்பாலான கவுண்டிகளில் இணையத்தில் தேடுவது இலவசம், இல்லையென்றால் கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கலாம். விசாரிக்க வேண்டியதுதான், தப்பில்லை, ஆனால் பிறந்த தேதி ஒத்துப்போகிறதா, வழக்கு எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது ரொம்ப அநியாயம்.

உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள் என்று போன் வந்தால் அது மோசடி, வைத்துவிடுங்கள். எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்காது.

ஆகஸ்டில் புது மாணவர்கள் விமானம் ஏறுவார்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில், இங்கே தொழில் செய்யும் தமிழ் வக்கீல் ஒருவரிடம் கேட்டு, பெயர் பிரச்சினையை முக்கியமாக வைத்து அரைப் பக்கமாவது போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஃபிரிஸ்கோ, டெக்சஸ்