படித்துறை மண்டபச் சீரமைப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் படித்துறை மண்டபத்திற்குச் சிமெண்ட் பூசினால் வேலை விரைவில் முடியுமே என்று சிலர் கேட்டிருந்ததால் இவ்விளக்கத்தை எழுதுகிறோம். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம், சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும்; மேலே சிமெண்ட் பூசினாலோ அந்த ஈரம் உள்ளேயே தங்கி, அதிலுள்ள உப்பு செங்கலைப் பொடியாக உதிர்த்துவிடும். தெற்குச் சுவரில் முன்பு போட்ட சிமெண்ட் பூச்சு பெயர்ந்தபோது செங்கலும் சேர்ந்து வந்ததை நாமே பார்த்தோம்.

ஆகவே, நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த காரையே பயன்படுத்தப்படும். இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெல்லவே இறுகும் என்பதால், பூசிய இடத்தை ஈரச்சாக்கால் மூடி வெயிலிலிருந்து காக்க வேண்டும். கொத்தனாரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். (தேநீர் வாங்கிக் கொடுப்பதற்குத் தடையில்லை.) மேல்தளத்தில் முளைத்த அரசங்கன்றையும் பிடுங்கி இழுக்காதீர்கள், வேரோடு கட்டும் பெயர்ந்துவிடும்.

முக்கொம்பில் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். ஆற்றோரக் கட்டுமானத்தில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியை முதலில் கவனிக்க வேண்டும் என்பதால், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே படிகளின் கீழ் மண் அரித்த இடங்களைச் சரிசெய்ய எண்ணியுள்ளோம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள். மண்டபத்தின் பழைய புகைப்படம் வைத்திருப்போர் அவசியம் எடுத்து வரவும்.