ஜூனியர் ஹேண்ட்லிங்: ஷோ லீஷ் வாங்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையும் ஊட்டி டாக் ஷோவும் மே மாதத்தில் சேர்ந்தே வருகின்றன. "பையனை இந்த வருஷம் ரிங்கில் இறக்கலாம்னு இருக்கோம், நல்ல ஷோ லீஷா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஷோ லீஷ், அதாவது ரிங் எனும் போட்டித் திடலில் நாயை நடத்தும் மெல்லிய வார், கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதலில் நாய், அடுத்து பயிற்சி.

ஜூனியர் ஹேண்ட்லிங் என்பது டாக் ஷோவில் பிள்ளைகள் நாயை நிறுத்தியும் நடத்தியும் காட்டும் போட்டி. இதில் ஜட்ஜ் எடை போடுவது பிள்ளை நாயைக் கையாளும் விதத்தை. வெளிநாட்டு ரத்தம், சாம்பியன் பெற்றோர் எதுவும் இங்கே செல்லாது. அதனால் இதற்கென்று புதுக்குட்டி வாங்காதீர்கள். பழக்கமில்லாத குட்டியையும் பழக்கமில்லாத பிள்ளையையும் ஒன்றாக ரிங்கில் விட்டால் இரண்டும் மிரளும். நாலைந்து வயதான, ஏற்கெனவே ஷோ பார்த்த, கூட்டத்துக்கு அசராத நாய்தான் முதல் வருடத்துக்கு ஏற்றது. நாயின் எடை பிள்ளையின் எடையில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது எங்கள் கணக்கு, எந்த விதிப்புத்தகத்திலும் இருக்காது. 28 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு பீகிள், டாஷண்ட், காக்கர் ஸ்பேனியல் அடங்கும். 30 கிலோ லாப்ரடார் பக்கத்து நாயைப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்தால் பிள்ளை மண்ணில்தான். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நாய் வழக்கமாக யார் கையில் சோறு தின்கிறது? அப்பா கையில் என்றால், அடுத்த ஆறு வாரம் பிள்ளை கையால் போடட்டும். அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பயிற்சிக்கு ஒரு நாளைக்கு பத்து நிமிடம் போதும், அதுவும் இரண்டு ஐந்து நிமிடங்களாக. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம்மூர் வெயிலில் சிமெண்ட் தரை பாதத்தைச் சுட்டுவிடும். வீட்டுக்குள் டைல்ஸ் மேல் நிறுத்திப் பழக்கவே கூடாது. கால் வழுக்கிப் பரப்பி நிற்கும், பிறகு புல்தரையிலும் அப்படியே நிற்கும். ரப்பர் பாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

ஜட்ஜ் பார்ப்பதற்காக நாயை நிறுத்தும் முறை இது. நாயின் வலப்பக்கம் பிள்ளை, இடப்பக்கம் ஜட்ஜ். பிள்ளையின் வலது கை நாயின் தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் லீஷை உயர்த்திப் பிடித்திருக்கும். இடது கைதான் கால்களை வைக்கும். முன்கால்கள் முதலில். பாதத்தைப் பிடித்துத் தூக்கினால் எந்த நாயும் காலை இழுத்துக்கொள்ளும். உடம்பை ஒட்டிய முழங்கை மூட்டில் பிடித்து, லேசாகத் தூக்கி, தோளுக்கு நேர்கீழே வைக்க வேண்டும். எந்தக் காலை வைக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தலையைச் சற்றுத் திருப்பினால் எடை மற்ற காலுக்குப் போய்விடும், வைக்கும் கால் இலகுவாக வரும். இந்த ஒரு நுணுக்கம் தெரியாமல்தான் பிள்ளைகள் நாயோடு மல்லுக்கட்டுகிறார்கள். பின்கால்களைக் கணுக்கால் மூட்டில் பிடித்து, மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் ஒரு பின்கால் பின்னே நீண்டிருக்கும். ஒரு கால் பிசகினால் அந்தக் காலை மட்டும் திருத்தட்டும். நாலையும் மறுபடி அடுக்கத் தொடங்கினால் ஜட்ஜ் வந்து நிற்கும்போது நாய் உட்கார்ந்திருக்கும். டாஷண்ட், பக், பொமரேனியன் போன்ற சிறிய நாய்களை மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். மேசையில் இருக்கும்வரை பிள்ளையின் ஒரு கை நாயை விடவே கூடாது.

லாப்ரடார்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: தீனியைக் கண்டதும் உட்கார்ந்துவிடும். வீட்டில் 'சிட்' சொல்லித் தின்பண்டம் கொடுத்த பழக்கம் அது. ஷோவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே 'நில்' என்று சொல்லி, நின்றால் மட்டும் கொடுங்கள். கையையும் மூக்கு மட்டத்திலேயே வைத்திருக்கட்டும். உயர்த்திக் காட்டினால் பின்புறம் தானாகத் தாழும்.

ஓட்டத்தில் நாய் பிள்ளையின் இடப்பக்கம், வட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நேர்கோடு, முக்கோணம், ஆங்கில 'எல்' வடிவம் மூன்றையும் பழக்குங்கள். முக்கோணத்தில் கை மாற்ற வேண்டியதில்லை. 'எல்' வடிவத்தில் திரும்பி வரும்போது ஜட்ஜ் வலப்பக்கம் ஆகிவிடுவார். அங்கே நாயை வலக்கைக்கு மாற்ற வேண்டும். ஜட்ஜுக்கும் நாய்க்கும் நடுவில் பிள்ளை வரக்கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. நடை 'டிராட்' ஆக, மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து போவதாக இருக்க வேண்டும். பிள்ளை மெதுவாகப் போனால் நாய் ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஒட்டகம் போல ஆடி நடக்கும். அப்போது நின்று, லேசாக லீஷை உயர்த்தி, சற்று வேகமாகப் புறப்பட்டால் சரியாகிவிடும்.

இப்போது லீஷ். சிறிய நாய்க்கு 4 முதல் 6 மில்லிமீட்டர், லாப்ரடார் அளவுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம், ரோமத்தின் நிறத்தை ஒட்டிய நிறம், பிள்ளைகளுக்கு ஒரு மீட்டர் நீளம். மிச்ச நீளத்தை உள்ளங்கையில் மடித்து வைக்க வேண்டும். கையில் சுற்றிக்கொண்டால் நாய் இழுக்கும்போது விரல் நெரியும். மெல்லிய சங்கிலி லீஷைப் பிள்ளைகளுக்கு நாங்கள் தருவதில்லை. சிப்பிப்பாறை, கன்னி வகைகளுக்குத் தலை ஒடுக்கம். பின்னால் நகர்ந்தாலே சாதாரண பெல்ட்டை உருவிவிட்டுப் போய்விடும். அவற்றுக்கு இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் வகை, கழுத்துப்பட்டை அகலமாக, வாங்குங்கள்.

தீனிக்குக் கடையில் விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கோழி ஈரலை உப்பு, வெங்காயம் இல்லாமல் பதினைந்து நிமிடம் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் ஈரம் போக வாட்டுங்கள். ஈரம் இருந்தால் பையில் நொறுங்கும், ரிங்கில் சிந்தும், அடுத்து வரும் நாய் தரையை மோந்துகொண்டே நிற்கும். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். அதிகமானால் ஷோ அன்றே வயிற்றுப்போக்கு.

உடை சுத்தமாக, நாயின் நிறத்தில் கலக்காததாக இருக்கட்டும். கறுப்பு நாய்க்குப் பின்னால் கறுப்பு பேண்ட் போட்டால் நாயின் உருவக்கோடு தெரியாது. கொலுசு, வளையல், தொங்கும் துப்பட்டா வேண்டாம். ரப்பர் அடி ஷூ அவசியம். ஊட்டியில் புல் ஈரமாக இருக்கும்.

ஷோ அட்டவணை கைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கு, நாயை இனப்பிரிவிலும் பதிந்திருக்க வேண்டுமா, நுழைவுக்குக் கடைசி நாள் எது. பதிவுச் சான்றிதழும் ரேபிஸ் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். பருவத்தில் இருக்கும் பெட்டையைக் கூட்டி வராதீர்கள், மற்ற பிள்ளைகளின் உழைப்பு வீணாகும்.

பெற்றோருக்கு ஒன்று. வெளியில் நின்று விசில் அடிப்பது, நாயின் பெயரைக் கூப்பிடுவது, சாவிக்கொத்தை ஆட்டுவது எல்லாம் ஜட்ஜுக்குத் தெரியும். குறைவது பிள்ளையின் மதிப்பு. நாய் உங்களைப் பார்க்காத இடத்தில் போய் நில்லுங்கள்.

லீஷ் வாங்க வரும்போது நாயையும் பிள்ளையையும் சேர்த்தே அழைத்து வாருங்கள். கழுத்தை அளந்து, பிள்ளையை நாலடி நடக்கவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்போம். மதியம் கடை நெரிசல். காலை பதினொன்றுக்குள் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து