சண்முகத்துக்கு: பெல்ட்டைக் கழற்றாதே

சிங்கப்பூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது நல்ல செய்தி. ஜூலையில் திருச்சியிலிருந்து இங்கே வந்து, விமானம் மாறி சிட்னி போவதாக எழுதியிருக்கிறாய். தங்கச்சியோ வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு, "நான் வரலை, நீங்க மட்டும் போய்ப் பேரனைப் பார்த்துட்டு வாங்க" என்கிறாளாம். "விமானம் 6,000 அடி பொத்தென்று விழுந்துச்சாமே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறாய்.

நிஜமில்லை. அந்தக் கதையை முதலில் நேராக்கிவிடுகிறேன். தங்கச்சிக்கும் இதைப் படித்துக் காட்டு.

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்க்யூ 321, போயிங் 777. தெற்கு மியன்மாருக்கு மேலே 37,000 அடியில், மேகங்கள் திரண்டு எழும் பகுதியைக் கடந்துகொண்டிருந்தது. பிளாக் பாக்ஸ் பதிவை வைத்து இங்குள்ள விசாரணை அமைப்பு சில நாட்களிலேயே கணக்கை வெளியிட்டது. முதலில் 19 நொடி லேசான அதிர்வு. அப்போது விமானம் தானாகவே 37,362 அடிக்கு ஏறியது. ஆட்டோ பைலட் அதை இறக்கப் பார்த்தது, வேகம் கூடியது, விமானிகள் இறக்கைமேல் உள்ள ஸ்பீடு பிரேக்கை விரித்தார்கள். சீட் பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று ஒரு விமானி சொன்ன குரல் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து எட்டே நொடியில் அடி விழுந்தது. தரையில் நீ உணரும் உன் எடைதான் 1 ஜி. 0.6 நொடிக்குள் 1.35 ஜி என்பது மைனஸ் 1.5 ஜி ஆனது. அடுத்த நான்கு நொடிக்குள் திரும்பவும் பிளஸ் 1.5. இதற்கிடையில் விமானம் இறங்கியது மொத்தம் 178 அடி. நீ கேட்ட 6,000 அடி, பிறகு பாங்காக்குக்குத் திருப்பும்போது விமானிகள் நிதானமாக 31,000 அடிக்கு இறக்கியது.

178 அடிக்கா இத்தனை பேருக்குக் காயம் என்று தோன்றும். விழுந்த உயரத்தைப் பார்க்காதே, ஜி மாறிய வேகத்தைப் பார். மைனஸ் 1.5 என்றால் எழுபது கிலோ ஆளை 105 கிலோ பாரம் கூரைப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்கு. உண்மையில் ஆள் மேலே பறப்பதில்லை, விமானம் அவருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தலைக்குமேல் படிக்கும் விளக்கு, காற்றுத் துளை, ஆக்ஸிஜன் மாஸ்க் எல்லாம் சேர்ந்த பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதில்தான் போய் மோதினார்கள். வீடியோவில் மாஸ்க் தொங்குவது தலை மோதிப் பலகை உடைந்ததால். அடுத்த நொடி எடை திரும்பி வரும்போது கைப்பிடிமேல் விழுந்தால் முதுகெலும்பு போகும். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், மாரடைப்பு என்று சந்தேகித்தார்கள்.

விமானம் உடையாதா என்பது தங்கச்சியின் அடுத்த கேள்வியாக இருக்கும். பயணிகள் விமானத்தை வடிவமைக்கும்போதே மேல்நோக்கி 2.5 ஜி, கீழ்நோக்கி மைனஸ் 1 ஜி தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கும் மேலே ஒன்றரை மடங்கு இருப்பு வைப்பார்கள். எஸ்க்யூ 321 கீழ்நோக்கிய வரம்பை ஒரு கணம் தாண்டியது, இருப்பு காப்பாற்றியது. விமானம் ஒழுங்காகப் பாங்காக்கில் இறங்கியது. காற்றால் விமானம் உடைந்ததே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1966 மார்ச் 5 அன்று ஃபூஜி மலைக்கு அருகே பறந்த போயிங் 707, மலையில் மோதி எழுந்த காற்றலையில் சிக்கிச் சிதறியது. 124 பேரும் போனார்கள். பலத்த காற்று வீசும்போது மலையின் மறுபக்கத்துக்கு அருகே போகக்கூடாது என்பதற்கு இன்றும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

பலத்த குலுக்கல் என்று விமானி லாக் புத்தகத்தில் எழுதிவிட்டால், பராமரிப்பு ஆட்கள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அந்த விமானம் அடுத்த பயணம் போகாது. மேனுவலில் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு. டார்ச்சும் கையுமாக இறக்கையின் அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். தகடு சுருங்கியிருக்கிறதா, ரிவெட் தலை எழும்பியிருக்கிறதா, சுற்றிலும் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா, எரிபொருள் கசிந்த கறை உண்டா? பிறகு எஞ்சினைத் தாங்கும் பைலான், வால் இறக்கை சேருமிடம். எங்காவது ஒரு சுருக்கம் தெரிந்தால் போதும், இரண்டாம் கட்டம்: பேனல்களைக் கழற்றி உள்ளே பார்ப்பது. பெரும்பாலும் வெளியே ஒன்றும் கிடைக்காது. கேபினுக்குள்தான் வேலை: உடைந்த பலகைகள், வளைந்த டிராலிகள், கூரையெல்லாம் காபி.

"ரேடார் இருக்கும்போது முன்னாலேயே தெரியாதா?" நல்ல கேள்வி. விமானத்தின் மூக்கிலுள்ள ரேடார் பார்ப்பது மழைத்துளியை. காற்றை அல்ல. இடிமேகத்தின் நடுப்பகுதி சிவப்பாகத் தெரியும், அதை 20 கடல் மைல் தள்ளிச் சுற்றிப் போவார்கள். மேகத்தின் உச்சியில் இருப்பது காய்ந்த பனித்துகள், அது ரேடார் அலையைச் சரியாகத் திருப்பாது. நம் பக்கத்து மேகம் 50,000 அடிவரைகூட வளரும். கீழேயிருந்து புதிதாகக் கிளம்பும் மேகக் கோபுரம் ஒன்று நிமிடக் கணக்கில் பாதைக்கு வந்துவிடும். 2022 டிசம்பர் 18 அன்று ஹொனலுலுவை நெருங்கிய ஹவாயியன் ஏர்லைன்ஸ் விமானத்துக்கு அதுதான் நடந்தது. தெளிந்த வானம், சட்டென்று புகைபோல ஒரு மேகம் நேரே எழும்பியது என்று கேப்டன் சொன்னார், 25 பேருக்குக் காயம். உயரத்தில் ஆறுபோல வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் ஓரத்தில் வரும் குலுக்கலுக்கு மேகமே கிடையாது, ரேடாரில் ஒன்றுமே தெரியாது. முன்னால் போகும் விமானங்கள் சொல்வதும் வானிலை வரைபடமும்தான் துணை. வட அட்லாண்டிக்கில் ஒரு சராசரி இடத்தில் இந்த ரகக் கடும் குலுக்கல் 1979-இல் வருடத்துக்கு 17.7 மணி நேரம் இருந்தது, 2020-இல் 27.4 ஆகியிருக்கிறது என்று ரெடிங் பல்கலைக்கழகம் 2023-இல் கணக்கிட்டது. புவி சூடாவதன் கைவரிசை.

உன் பாதைக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து இங்கே வரும் வழியில் வங்கக்கடல். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேகம் இருக்கும், கொஞ்சம் ஆட்டும். சிட்னி விமானம் இந்தோனேசியாவைத் தாண்டும்வரை இடிமேகம், ஆஸ்திரேலியாவுக்குள் போனபின் அங்கே குளிர்காலமென்பதால் ஜெட் காற்று. பெரும்பாலும் டம்ளரில் தண்ணீர் தளும்பும் அளவுதான். கடுமையானது மிக அபூர்வம்.

ஆனாலும் பெல்ட்டைக் கழற்றாதே. விளக்கு அணைந்தாலும் போட்டே இரு. எஸ்க்யூ 321-இல் அன்று விளக்கை நம்பிக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது எட்டு நொடி. தூக்கத்தில் இருப்பவருக்கு அது போதாது. பெல்ட் வயிற்றில் வேண்டாம், இடுப்பெலும்புமேல் தாழ்வாக, முறுக்கில்லாமல், இரண்டு விரல்கூட நுழையாதபடி இறுக்கு. போர்வைக்கு மேலே போட்டுக்கொள், இல்லாவிட்டால் பார்க்க வரும் பணிப்பெண் உன்னை எழுப்புவாள். முழங்காலுக்காக அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லியிருப்பார் உன் டாக்டர். நட, விளக்கு அணைந்திருக்கும்போது, கையை சீட்டு முதுகில் வைத்தபடி. திடீரென்று தூக்கிப் போட்டால் உன் சீட்டுக்கு ஓடாதே. பக்கத்தில் எந்தச் சீட்டு காலியோ அதில் உட்கார், இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து சீட்டின் காலைப் பிடித்துக்கொள். கழிவறையில் இருந்தால் சுவரிலுள்ள கைப்பிடியைப் பிடி.

இரண்டு பேருக்கும் இறக்கைக்குப் பக்கத்து சீட்டாகப் போடு. விமானத்தின் எடைமையம் அங்கே, ஆட்டம் குறைவு. வால் பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும், அங்கேயுள்ள சமையலறையில் நின்று வேலை செய்யும் பிள்ளைகள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் 2009 முதல் 2022 வரை குலுக்கலில் பலத்த காயம்பட்ட 163 பேரில் 129 பேர் பணியாளர்கள். அதனால் காபி வரவில்லையென்று தங்கச்சி கோபிக்கக்கூடாது. விளக்கு எரியும்போது சூடான பானமோ சாப்பாடோ தருவதில்லை என்று எஸ்க்யூ 321 விபத்துக்குப்பின் 2024-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்தது. சில்வர் ஃபிளாஸ்க்கை முன்சீட்டுப் பையில் செருகாமல் காலடிப் பைக்குள் வைத்து ஜிப் போடு.

டிசம்பரில் மகள் பேரனோடு ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அவளிடம் பக்குவமாகச் சொல். இரண்டு வயதுக்குள் என்றால் மடியில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டுதான், ஆனால் 10 கிலோ குழந்தை அன்று 15 கிலோ பாரத்தோடு அரை நொடியில் மேலே இழுத்திருக்கும். எந்த அம்மாவின் கையும் நிற்காது. காசு பார்க்காமல் தனி சீட்டு எடுத்து, விமானத்துக்கு அனுமதியுள்ள குழந்தை இருக்கையைக் கட்டச் சொல். எந்த மாடல் என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், சிலவற்றின் அகலம் சீட்டுக்குள் அடங்காது.

டிக்கெட்டின் போட்டோவை அனுப்பு. விமான ரகம் தெரிந்தால் எந்த வரிசை இறக்கைமேல் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். இங்கே சாங்கி விமான நிலையத்தில் மாறுவதற்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்றும் எழுது. நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் வெளியே வா, லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் சாப்பிட்டுவிட்டுக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
ராஜகோபால்